இலையின் அடிப்பக்கம்

“இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்ண்ணே?” மெர்போக்கில் எங்கள் தாமானில் மிளகாய்ச் செடி வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான். கைப்பேசியில் ஒரு படம் இருக்கும், அதில் சுருண்ட இலை. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லோரும் மேலிருந்துதான் படம் எடுக்கிறார்கள். குடித்தனம் நடப்பதோ இலையின் அடியில்.

இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகு போல் இருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால், மெல்லிய மஞ்சள் கோடுகள் தாளில் ஊரும். கெடாவில் மழை ஓய்ந்து காய்கிற ஜனவரி, பிப்ரவரியில் இதன் தொல்லை அதிகம்.

படகு கவிழ்ந்தது போல ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, குருத்து சிறுத்துத் தடித்துப் போனால் அது சிலந்திப்பேன். வெறுங்கண்ணுக்கு அகப்படாது. எட்டுக் கால் கொண்ட சிலந்தி இனம், பூச்சியே அல்ல. அதனால்தான் கடையில் கிடைக்கும் பல பூச்சிக்கொல்லிகள் அதை அசைப்பதில்லை. அதைத் தின்கிற நல்ல உயிர்களைத்தான் கொல்கின்றன. “அடிச்ச பிறகு கூடிப் போச்சே” என்று புலம்புகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். குருத்தைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். பிறகு நனையும் கந்தகத் தூளை, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில், வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். கந்தகம் தெளித்த இரண்டு வாரத்துக்கு வேப்பெண்ணெய் வேண்டாம், இலை கருகும்.

எறும்பு ஏறி இறங்கினால் அசுவினி இருக்கிறது என்று பொருள். அசுவினி வடிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. குழாய்த் தண்ணீரை அடியிலிருந்து பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு. முதலில் ஓர் இலையில் தெளித்து, மறுநாள் வாடவில்லை என்றால் மாலையில் முழுச் செடிக்கும் தெளிக்கலாம். ஒரு வாரத்தில் மறுபடியும் தெளிக்க வேண்டும். இலை பச்சையும் மஞ்சளுமாய்த் திட்டுத் திட்டாகிச் செடி குட்டையாக நின்றுவிட்டால், அது வைரஸ் நோய். பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

என்னிடம் வருகிறவர்களில் பலருக்குப் பூச்சியே கிடையாது. சிமெண்டுத் தரையில் கறுப்புத் தொட்டி, உச்சி வெயிலில் வேர் வெந்து பூ உதிர்கிறது. காயின் நுனி கறுத்து அழுகினால், ஒருநாள் வெள்ளம் ஒருநாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றுகிறோம் என்று அர்த்தம். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து ஊற்றினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

‘மருந்து’ என்ற சொல்லே எனக்கு உறுத்தும். அம்மா பால்மரத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தார். முதுகில் பம்பு, முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. நகம் நிறம் மாறிப் பெயர்ந்தது, சில நாள் மூக்கில் ரத்தம் வந்தது. “மருந்து காரம்டா” என்று மட்டும் சொல்வார். விஷம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதன் பெயர் பாராகுவாட் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒரு மிடறு குடித்தாலே உயிர் போகும் களைக்கொல்லி, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. தோட்டங்களில் அதைச் சுமந்து தெளித்தவர்களில் பெரும்பகுதி நம் பெண்கள். ஐரின் ஃபெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் அவர்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. அந்த ஆண்டே அரசு தடையை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் வந்தது. அம்மா வேலையை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

நாம் வீட்டில் அடிப்பது பாராகுவாட் அல்ல என்பது சரிதான். ஆனால் மிளகாயைத் தோலோடு தின்கிறோம். தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று புட்டியில் போட்டிருப்பதை எத்தனை பேர் படிக்கிறோம்? காலையில் அடித்துவிட்டு மாலையில் சம்பாலுக்குப் பறித்தவரை எனக்குத் தெரியும்.

செம்பனைத் தோட்டச் சாலையோரங்களில் மஞ்சள் பூச்செடி வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வைத்ததல்ல. செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவைக் கொல்கிற சிறு குளவிகளுக்கு அதன் தேன்தான் உணவு. பெரிய நிறுவனங்களே பூவை நட்டுப் பூச்சியைக் கட்டுப்படுத்தப் பார்க்கும்போது, ஐந்து தொட்டிக்கு நமக்கு எதற்கு ஒரு புட்டி? நான் மிளகாய்க்கு நடுவே துளசியைப் பூக்க விட்டிருக்கிறேன்.

அம்மா தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலையாகப் புரட்டுகிறார். அசுவினி கண்டால் கட்டைவிரலால் நசுக்குகிறார். இப்போது இரண்டு சிலி பாடிச் செடிகள் பூக்கின்றன, காய்க்க மறுக்கின்றன. அடியில் ஒன்றும் இல்லை. இந்த வாரம் அவற்றை மதிய வெயில் படாத பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறோம்.