மூன்று மணி நேரக் கல்கத்தா

கும்பகோணத்தில் கிளம்பும்போதே கணவர் சொல்லிவிட்டார்: "கொல்கத்தாவில் அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் இருக்கு. பேசாம உட்கார்ந்து பேப்பர் படிப்போம்." அவர் ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர். ஊர் சுற்றப் போய் விமானத்தைத் தவறவிடுவது அவருடைய பேரேட்டில் எழுத முடியாத நஷ்டம். கவுஹாத்தியில் மகள் காத்திருக்கிறாள். பேத்தி பிறந்து இருபது நாள்தான் ஆகிறது. டிக்கெட்டில் மிச்சமான பணத்துக்கு விலைதான் இந்த ஒன்பது மணி நேரம்.

ஓய்வு பெற்ற ஆசிரியையான மனைவி பதில் சொல்லவில்லை. பழைய இன்லண்ட் கடிதம் ஒன்றை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டார். அனுப்புநர் முகவரியில் லேக் மார்க்கெட் அருகே ஒரு சந்து, கல்கத்தா-29.

அவருடைய அப்பா 1958 முதல் 1980 வரை அந்த நகரில் இருந்தவர். டல்ஹௌஸி சதுக்கத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் தேறிய தமிழ்ப் பையன்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிய காலம் அது. மாதம் பிறந்தால் மணியார்டர் வரும். வருஷத்துக்கு ஒருமுறை ஹவுரா மெயிலில் அப்பா வருவார். கடிதங்களில் ட்ராமைப் பற்றி எழுதுவார், ஏரியைப் பற்றி எழுதுவார், துர்கா பூஜை விளக்குகளைப் பற்றி எழுதுவார். தன்னைப் பற்றி ஒரு வரி இருக்காது. 1976ல் அம்மா ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். அப்போதும் அப்பா வேலையை விட்டு வரவில்லை. எல்லாம் முடிந்த மூன்றாம் நாள்தான் வாசலில் வந்து நின்றார். 'நாங்கள் இங்கே திண்டாடினோம், அவர் பெரிய பட்டணத்தில் சுகமாக இருந்தார்' என்ற எண்ணம் மகள் மனதில் அன்று விழுந்தது. 1991ல் அப்பா இறக்கும்வரை அவர் அதைக் கேட்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

விமானம் காலை எட்டரைக்கு இறங்கியது. "என்னங்க, அப்பா இருந்த தெருவைப் பார்க்கணும்" என்றார் மனைவி.

காசாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்தார். கணக்கைக் கடைசியிலிருந்து போட்டார். அடுத்த விமானம் ஐந்தரைக்கு. மூன்று மணிக்குள் நிலையத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் ஒன்றரைக்குத் தெருவை விட்டுக் கிளம்ப வேண்டும். வெளியே வந்து போய்ச் சேர பத்தரை ஆகிவிடும். ஆக, ஒன்பது மணி நேரம் என்பது உண்மையில் மூன்று மணி நேரம். விக்டோரியா மெமோரியல், தட்சிணேஸ்வரம், ஹவுரா பாலம் என்று உறவினர்கள் கொடுத்திருந்த பட்டியலை மடித்து வைத்தார். மூன்று மணி நேரத்தில் ஒரு நகரத்தைப் பார்க்க முடியாது. ஒரு தெருவைப் பார்க்கலாம்.

இரண்டு விமானங்களுக்கும் ஒரே டிக்கெட் என்பதால் பெட்டிகள் சென்னையிலேயே கவுஹாத்திக்குப் பதிவாகியிருந்தன. கையில் சுமை இல்லை. போக்குவரத்து பயமும் பாதி குறைந்திருந்தது. 2025 ஆகஸ்டில் விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்துவிட்டது. நோவாபாராவில் இறங்கி, 1984ல் இந்தியாவின் முதல் மெட்ரோவாகத் தொடங்கிய பழைய பாதைக்கு மாறினால் காளிகாட். அங்கிருந்து ராஷ்பிஹாரி அவென்யூவில் பொடிநடை.

லேக் மார்க்கெட்டின் பழைய கட்டடம் இல்லை. அந்த இடத்தில் வணிக வளாகம் நிற்கிறது. ஆனால் பக்கத்துச் சந்துகளில் வாழையிலை, கறிவேப்பிலை, மல்லிகைச் சரம். கடிதத்தில் இருந்த கதவு எண்ணில் நான்கு மாடிக் குடியிருப்பு. காவலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை. மணி பதினொன்றரை.

காபிப்பொடிக் கடை ஒன்றிலிருந்து தமிழ்க் குரல் கேட்டது. வங்காள ராகம் கலந்த தமிழ். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். அப்பாவின் பெயரைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். "அந்த மாதிரி எத்தனையோ பேரும்மா. எல்லாரும் மெஸ்ஸில்தான் இருந்தாங்க. அந்த வீடெல்லாம் போயாச்சு. ஒண்ணு மட்டும் இன்னும் இடிக்கலை, பார்க்கறீங்களா?" என்றவர், கடைப்பையனைத் துணைக்கு அனுப்பினார்.

பின்சந்தில், இருட்டு மாடிப்படிக்கு மேலே பத்தடிக்குப் பத்தடி அறை. இப்போது அது கோணிகள் அடுக்கிய கிடங்கு. சுவரில் வரிசையாக ஆறு ஆணிகள். ஆளுக்கு ஓர் ஆணி என்று பையன் விளக்கினான். சட்டையும் பையும் அதில் மாட்டுவார்களாம், பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவார்களாம்.

திரும்பி வந்ததும் கடைக்காரர் காபி கொடுத்தார். "மணியார்டர் அனுப்பிட்டு மிச்சம் இருக்கிறதில்தான் அவங்க சாப்பாடு. மாசக் கடைசியில் எங்கப்பாகிட்ட காபிப்பொடி கடன். லீவு எடுத்தா சம்பளம் பிடிப்பாங்க. வேலையை விட்டா ஊரில் அடுப்பு எரியாது." ஆசிரியை தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா இருந்தது அந்த அறை அல்ல. அது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதனுக்கு இருபத்திரண்டு வருஷம் ஓர் ஆணிதான் இடமாக இருந்திருக்கலாம் என்பது அதுவரை தெரியாது. அம்மாவுக்கு மருந்து வாங்கியதும் அந்த மணியார்டரில்தான் என்பது தெரிந்தே இருந்தது. ஆனால் அவர் யோசித்ததில்லை.

மணி ஒன்று நாற்பது. பத்து நிமிஷம் தாமதம். கடிகாரத்தைப் பார்த்த கணவர் வாய் திறக்கவில்லை. மனைவியே எழுந்து, மகளுக்கென்று அரைக் கிலோ காபிப்பொடி வாங்கிக்கொண்டார்.

மூன்று மணிக்குச் சில நிமிஷம் இருக்கும்போது விமான நிலையத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. பேப்பரைப் பிரித்த கணவர் அதை மடித்து வைத்தார். "உங்கப்பாவைப் பத்தி நீ ஒண்ணுமே சொன்னதில்லையே" என்றார். மனைவி சொல்லத் தொடங்கினார். டைப் அடித்துத் தேய்ந்த விரல்களைப் பற்றி, லீவில் வரும்போது கொண்டுவரும் மண்பானை ரசகுல்லாவைப் பற்றி, அம்மா போன மூன்றாம் நாள் அவர் வாசலில் நின்ற விதத்தைப் பற்றி. முப்பத்தெட்டு வருஷ மணவாழ்க்கையில் மாமனாரைப் பற்றி அவர் கேட்ட முதல் நீண்ட கதை அதுதான்.

கவுஹாத்தி விமானத்துக்கான வரிசை நகர்ந்து முடியப் போவதை இருவருமே கவனிக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர்தான் கூப்பிட்டுச் சொன்னார்.