பிளேட்டோவுக்குப் பரு வந்த கதை

எங்கட போர்டிங்கில் நாங்கள் நாலு பேர். நாலு பேரும் கலைப்பீடம், இரண்டாம் வருசம். ஐந்தாவது ஆள் பிளேட்டோ. திருநெல்வேலிச் சந்தையில் இருந்து ஒரு மழை நாளில் எங்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்த மண்ணிறக் குட்டி. அண்டைக்கு எங்களில் ஒருத்திக்கு மெய்யியல் அசைன்மென்ற் முடியாமல் கிடந்தது, அதால அந்தப் பெயர். வீட்டுக்கார அன்ரி "கேற்றுக்கு உள்ள வரலாம், விறாந்தைக்கு ஏறக்கூடாது" எண்டு சட்டம் போட்டா. பிளேட்டோ அந்தச் சட்டத்தை ஒருநாளும் மதித்ததில்லை.

அவனுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது நாடியில் சின்னச் சின்னச் சிவப்புக் குருக்கள் வந்தன. முதலில் நுளம்பு கடிச்சிருக்கும் எண்டு விட்டுவிட்டோம். ஒரு கிழமையில் அவை பெருத்து, சில கறுத்து, சிலவற்றில் சீழ் வைத்தன. கீழுதட்டுப் பக்கம் வீங்கி மயிர் உதிர்ந்தது. சாப்பிட்டு முடிய நாடியைச் சீமெந்து நிலத்தில் தேய்ப்பான். தேய்த்த இடத்தில் இரத்தம் ஒட்டியிருக்கும்.

பார்த்தவுடன் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாய்க்கும் பருவா? எங்களில் இரண்டு பேருக்கு ஏ.எல். காலத்தில் இருந்தே முகப்பரு. கலியாண வீடு, சாமத்திய வீடு எண்டு எங்க போனாலும் "என்ன பிள்ளை, முகத்துக்கு ஒண்டும் பூசிறேல்லையோ?" எண்டு கேட்காமல் ஒரு மாமியும் சோறு போட்டதில்லை. அந்த அனுபவத்தில் நாங்கள் எங்களைத் தோல் வைத்தியர்களாகவே நினைத்திருந்தோம். எங்கட பருக்கிறீமை எடுத்து அவன்ர நாடியில் பூசினோம். அடுத்த நாள், பழுத்திருந்த இரண்டு குருவை நசுக்கியும் விட்டோம். நசுக்கியது யார் எண்டு இங்க எழுதத் தேவையில்லை. ஒருத்தி நசுக்க, மற்ற மூண்டு பேரும் அவனைப் பிடித்திருந்தோம்.

அவன் கத்தினான். பிறகு ஒருநாள் முழுக்க எங்களுக்குக் கிட்ட வரவில்லை. மூன்றாம் நாள் நாடி முழுக்கச் சிவந்து வீங்கிவிட்டது.

அதோட ஆளாளுக்கு வைத்தியம் சொல்லத் தொடங்கிவிட்டினம். பக்கத்து வீட்டு அங்கிள் கராச்சில் பழைய எஞ்சின் ஒயில் வாங்கிப் பூசச் சொன்னார். "சொறிநாய்க்கு அதுதான் மருந்து." அன்ரிக்குப் பயம் வேறு. "பிள்ளையள், பேரன் தவழுற வீடு இது. வாற ஞாயிறுக்குள்ள எங்கையாவது கொண்டுபோய் விட்டிடுங்கோ." அவவில கோபப்பட எங்களால் முடியவில்லை. குழந்தை உள்ள வீட்டில் எந்த அம்மம்மாவும் அப்படித்தான் சொல்லுவா. ஆனால் எங்கையாவது எண்டால் எங்க? சந்தைக்குப் பின்னாலா? நாடி வீங்கிய நாய்க்கு அங்க யார் சோறு வைப்பினம்?

வெள்ளிக்கிழமை லெக்சரைக் கட் பண்ணிவிட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். இரண்டு ஓட்டோக்காரர் நாடியைக் கண்டவுடன் மாட்டன் எண்டிட்டினம். மூன்றாவது ஆள் சீற்றில் உரப்பையை விரித்து ஏற்றினார்.

டொக்டர் முதலில் கேட்டது, "ஏதாவது பூசினீங்களோ?" நாங்கள் ஆளையாள் பார்த்தோம். பிறகு ஒருத்தி உண்மையைச் சொன்னாள். அவர் ஏசவில்லை. மழுங்கலான பிளேட்டால் தோலை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். டெமொடெக்ஸ் எண்ட உண்ணி இருந்தாலும் பார்க்க இப்படித்தான் இருக்குமாம், படர்தாமரையும் சிலவேளை இப்படித் தெரியுமாம். அவற்றுக்கு வேறு மருந்து, அதால பார்க்காமல் எதையும் பூசக்கூடாது. பிளேட்டோவுக்கு இரண்டும் இல்லை. அவனுக்கு வந்தது நாய்ப்பருதான்.

கட்டைமயிர் உள்ள நாய்களுக்கு வளரும் வயதில் இது வருமாம். நாடியில் உள்ள கட்டையான மயிர் அமுக்குப்பட்டு, தேய்பட்டு, தோலுக்குள்ளேயே முறிந்து நிற்கும். அதைச் சுற்றி வேர்ப்பை வீங்கும், பிறகு பற்றீரியா சேர்ந்து சீழ் வைக்கும். நசுக்கினால் வேர்ப்பை உள்ளுக்கே வெடித்து இன்னும் ஆழமாகப் போகும். நாங்கள் செய்தது அதைத்தான். எங்கட கிறீமில் இருந்த பென்சோயில் பெரொக்சைட் நாய்களுக்கும் பாவிக்கிற மருந்துதான். ஆனால் நாய்க்கான ஷாம்புவில் அது 2.5, 3 வீதம் அளவில்தான் இருக்கும். எங்கட கிறீமில் 10 வீதம். நாயின் மேற்தோல் எங்கட தோலைவிட மெல்லியது, எரிந்துபோகும். எஞ்சின் ஒயிலைப் பற்றிக் கேட்டோம். "அது நஞ்சு. தோலாலயும் உள்ள போகும், நக்கினாலும் உள்ள போகும்" எண்டார்.

கடைசியாக, "எதில சாப்பாடு வைக்கிறனீங்கள்?" எண்டு கேட்டார். பழைய ஐஸ்கிறீம் பெட்டி. கடித்துக் கடித்து விளிம்பெல்லாம் கீறல். கீறலுக்குள் பழைய சோறும் எண்ணெயும். ஒவ்வொரு நேரமும் அவன் நாடியை வைத்துத் தேய்த்தது அதில்தான்.

குளோர்ஹெக்சிடின் கழுவல், தோல் ஆழத்தில் பழுத்திருந்ததால் அன்ரிபயோட்டிக் குளிசை. வீக்கம் வற்றிவிட்டது எண்டு இடையில் நிறுத்தக்கூடாது எண்டு இரண்டு தரம் சொன்னார். எங்கட அந்த மாத பிரியாணிக் காசு அதோட சரி.

அன்ரியிடம் போய், "இது பேரனுக்குத் தொத்தாது" எண்டு சொன்னோம். அவ நம்பவில்லை. டொக்டர் எழுதித் தந்த துண்டைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "சரி, ஒரு மாதம் பாப்பம்" எண்டா. கொஞ்சம் கழித்துக் குசினியில் இருந்து விளிம்பு நெளிந்த ஒரு சில்வர் கோப்பையைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு ஒண்டும் பேசாமல் போனா.

ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. ஞாயிறு வந்து ஞாயிறு போகுது, அன்ரி அந்தக் கதையை எடுக்கிறேல்லை. குருக்கள் வற்றிவிட்டன. நசுக்கிய இடத்தில் மட்டும் இரண்டு தழும்பு, அதில் மயிர் முளைக்கவில்லை. நாடியைத் துடைக்கப் போனால் இப்பவும் ஒருக்கால் பின்னுக்குப் போய்த்தான் வருவான்.

எங்கட முகத்தைப் பார்த்து ஆட்கள் மருந்து சொல்லும்போது எங்களுக்கு எவ்வளவு எரிச்சல் வரும். எங்கட கைக்குள் ஒரு முகம் வந்தபோது நாங்களும் ஒண்டும் கேட்காமல், பார்க்காமல், தெரிந்த மாதிரிப் பூசினோம், நசுக்கினோம். எங்களுக்கு எண்டால் "பூசாதை" எண்டு சொல்ல வாய் இருக்கு.

இப்ப குசினிக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறோம்: கோப்பை கழுவுறது யார், நாடி துடைக்கிறது யார். இண்டைக்கு எங்கட முறை.