அக்காவின் கையில் நான்கு அட்டைகள்

"நீ ஜெயிச்சுட்ட. நான் தண்ணி கலக்கப் போறேன்" என்று அக்கா எழுந்து போனாள்.

மேசையில் அல்ட்ரான் தோற்றுக் கிடந்தான். விதிப்படி அது எங்கள் இருவருடைய வெற்றி. ஆனால் அக்காவின் நாயகி இரண்டு சுற்றுக்கு முன்பே வீழ்ந்துவிட்டிருந்தாள். அந்த இரண்டு சுற்றும் அக்கா கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் கவனிக்கவேயில்லை. என் கட்டு எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்வெல் சாம்பியன்ஸ் என்ற இந்த அட்டை விளையாட்டு 2019இல் வந்தது. ஒருவரை ஒருவர் வெல்லும் விளையாட்டு அல்ல இது. ஒருவர் முதல் நால்வர்வரை ஒரே பக்கம் நின்று, விதிகளே இயக்கும் ஒரு வில்லனை எதிர்க்க வேண்டும். ஆளுக்கொரு சூப்பர் ஹீரோ; ஆளுக்கு 40 முதல் 50 அட்டைகள் கொண்ட ஒரு கட்டு. அதில் 15 அட்டைகள் அந்த ஹீரோவுக்கே உரியவை, மாற்ற முடியாது. மீதியை நாமே தேர்ந்தெடுக்கலாம். முதல் பெட்டியில் ஆக்ரோஷம், நீதி, தலைமை, பாதுகாப்பு என்று நான்கு வகை அட்டைகள் உண்டு. அவற்றில் ஏதாவது ஒரு வகையிலிருந்தும், எல்லாருக்கும் பொதுவான சாம்பல்நிற அட்டைகளிலிருந்தும் எடுத்துக் கட்டலாம்.

இதில் காசு என்று தனியாக எதுவும் கிடையாது. ஓர் அட்டையை இறக்க வேண்டுமென்றால் கையிலிருக்கும் வேறு அட்டைகளைக் கழித்துத்தான் அதன் விலையைக் கட்ட வேண்டும். ஆகவே எது நல்ல அட்டை என்று கேட்பதைவிட, எது எதனோடு சேர்ந்தால் வேலை செய்யும் என்று கேட்பவன்தான் நல்ல கட்டு கட்டுவான். பினாங்குத் தொழிற்சாலையில் என் வேலையும் கிட்டத்தட்ட இதேதான். ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரத்தைக் காக்க வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் எடுத்தது பிளாக் பேந்தர். அவனிடம் நான்கு கருவிகள்: நகம், கத்தி, கவசம், போர்த்தந்திரம். தனித்தனியாக அவை மேசையில் சும்மா கிடக்கும். 'வகாண்டா ஃபாரெவர்' என்ற அட்டையை ஆடும்போது நான்கும் வரிசையாக இயங்கும். வரிசையை நாமே முடிவு செய்யலாம்; கடைசியாக இயங்குவதற்குப் பலம் கூடுதல். அந்த அட்டை கட்டில் ஐந்து உண்டு. எனவே நான்கு கருவிகளையும் சீக்கிரம் இறக்கி, அந்த ஐந்தையும் மறுபடி மறுபடி கைக்கு வரவைப்பதுதான் என் திட்டம். இரண்டு வாரம் யோசித்துக் கட்டினேன்.

அக்கா எடுத்தது ஷீ-ஹல்க். "யாரு இவ? வக்கீலா? சரி, இவளே இருக்கட்டும்." அவளுடைய கட்டையும் நான்தான் கட்டிக் கொடுத்தேன், பத்து நிமிடத்தில். ஷீ-ஹல்க்கிடம் ஒரு சிக்கல் உண்டு. ஹீரோவாக நிற்கும்போது அவள் கைக்கு நான்கு அட்டைகள்தான் வரும். பிளாக் பேந்தருக்கு ஐந்து. ஓர் அட்டைதானே வித்தியாசம் என்று தோன்றும். மூன்று விலையுள்ள ஓர் அட்டையை இறக்கினால் பெரும்பாலும் அவள் கை காலி. அல்ட்ரானோ நம் கட்டின் மேலிருக்கும் அட்டைகளையே எடுத்துக் கவிழ்த்து வைத்து ட்ரோன்களாக மாற்றிவிடுவான். அக்காவின் முன்னால் ட்ரோன்கள் சேர்ந்துகொண்டே போயின. என் கத்தி அட்டையில் 'ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடு. அவரோடு மோதும் எதிரிகள் எல்லாருக்கும் அடி' என்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் என்னையே தேர்ந்தெடுத்திருந்தேன்.

அக்கா தேநீரோடு வந்தபோது எனக்குக் குற்ற உணர்ச்சி. அது ஆட்டத்தைப் பற்றியது மட்டுமல்ல.

அக்கா எஸ்.பி.எம். எழுதிய வருடம் அப்பாவுக்கு வேலை போனது. நான் அப்போது ஆறாம் ஆண்டு. படிவம் ஆறுக்குப் போயிருக்க வேண்டியவள் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். பின்னர் நான் கம்பாரில் பொறியியல் படித்தபோது கல்விக் கடன் கட்டணத்துக்குச் சரியாகப் போனது. அறை வாடகை, சாப்பாடு, மடிக்கணினி எல்லாம் அக்காவின் ஓவர்டைம். இந்தக் கணக்கை நாங்கள் இருவரும் பேசியதே கிடையாது.

அன்றைக்குப் பேசினேன். விளையாட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு சொன்னேன். "ஒரு கார்ட இறக்க இன்னொரு கார்ட கழிக்கணும் இல்லக்கா? என்னைய இறக்குறதுக்கு உன்னையத்தான் கழிச்சாங்க." பல வருடமாக மனதில் வைத்திருந்த வரி. சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது.

அக்காவுக்கு அடைக்கவில்லை. கோபம்தான் வந்தது.

"என்னாடா பேசுற? நான் என்ன உன் கையில இருந்த கார்டா? எனக்கும் அப்ப வேலைக்குப் போகணும்னு ஆசை இருந்துச்சு. சொந்தக் காசுல மோட்டார் வாங்குனேன், ஞாபகம் இருக்கா? உனக்குக் காசு குடுத்தது நான் முடிவு பண்ணிக் குடுத்தது. நான் எதிர்ல உக்காந்து என் ஆட்டத்த ஆடிக்கிட்டு இருந்தேன். கையில கார்டு கொஞ்சம் கம்மி, அவ்ளோதான்."

எனக்குப் பாட்டியின் ஞாபகம் வந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இன்று அங்கே செம்பனைதான் நிற்கிறது; லயங்கள் இருந்த இடம் தெரியாது. பாட்டி வெட்ட, தாத்தா பால் சுமக்க, சிறுவனாக இருந்த அப்பா ஒட்டுப்பால் பிய்ப்பாராம். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்ற காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்தக் கதையில் நான் கண்டுகொண்ட நாயகன் ஒருவர்தான். சுங்கை சிப்புட்டிலேயே பிறந்தவர் என்பதால் எங்களுக்கு இன்னும் பெருமை. ஆனால் பாட்டி அதைச் சொல்லும்போது "சம்பந்தன் வாங்கிக் குடுத்தார்" என்று சொன்னதேயில்லை. "நாங்க பத்து வெள்ளி கட்டுனோம், நாங்க வாங்குனோம்" என்பார். கெடாவில் இருந்த அந்தத் தோட்டத்தை அவர் கண்ணால் பார்த்தது கிடையாது.

பத்து வெள்ளி கட்டியவரைப் பாவம் என்று நான் சொல்லியிருந்தால் பாட்டிக்கும் கோபம் வந்திருக்கும்.

அன்று இரவு கட்டைப் பிரித்தேன். எனக்கு மட்டும் உதவும் அட்டைகளில் ஏழு எட்டு வெளியே போயின. தலைமை வகையிலிருந்து மரியா ஹில்லைச் சேர்த்தேன். அவள் களத்துக்கு வந்ததும் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஓர் அட்டை எடுக்கலாம். சாம்பல்நிற அட்டைகளில் இரண்டு: அவெஞ்சர்ஸ் மேன்ஷன் சுற்றுக்கொரு முறை நாம் காட்டும் ஆளுக்கு ஓர் அட்டை கொடுக்கும், ஹெலிகேரியர் அவர் அடுத்து இறக்கும் அட்டையின் விலையில் ஒன்றைக் குறைக்கும். முன்பு இவற்றை நான் ஒதுக்கியிருந்தேன். மேன்ஷனுக்கு விலை நான்கு; அதை இறக்கும் சுற்றில் என்னால் வேறு எதுவும் செய்ய முடியாது. என் கட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அது வீண் செலவு. மேசையில் இருப்பது இரண்டு கட்டுகள் என்று கணக்குப் போட்டால் அப்படியில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அல்ட்ரான். பிளாக் பேந்தர் மெதுவாகத்தான் எழுந்தான். மூன்றாம் சுற்றில் மேன்ஷன் இறங்கியது. அதன்பின் அக்காவின் கையில் ஐந்து. கத்திக்கு அக்காவைத் தேர்ந்தெடுத்தேன். அவள் முன்னால் நின்ற ட்ரோன்கள் ஒரே வீச்சில் போயின. அக்கா நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு சுற்றில் நழுவவிட்டுத் தோற்றோம். தோற்கும்வரை இருவரும் ஆட்டத்தில் இருந்தோம்.

"இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்றேன்.

"இரு. அந்தப் பெட்டிய இப்படிக் குடு. என் கட்ட நானே கட்டுறேன்."

தரையில் அட்டைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகப் படித்து, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். நான் அவளுக்காகத் தேர்ந்திருந்த அட்டைகளில் மூன்றை முதலில் வெளியே எடுத்துப் போட்டாள். அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு எழுந்து போய் இருவருக்கும் தண்ணி கலக்கினேன்.