யாண்டு என்னும் வினா

ஆண்டு முடிவில் நாம் அனைவரும் கணக்குப் பார்க்கிறோம். வணிகர் பேரேட்டைப் புரட்டுகிறார். ஆசிரியர் பாடத்திட்டத்தில் எஞ்சியதை எண்ணுகிறார். மாணவர் விடுமுறை நாட்களை எண்ணுகிறார். இக்கணக்குகள் யாவும் 'எத்தனை' என்னும் வினாவிலேயே தொடங்குகின்றன. ஆனால் ஆண்டுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயரில் வேறொரு வினா அமைந்திருக்கிறது.

இன்று நாம் 'ஆண்டு' என்று கூறுவதைப் பழந்தமிழ் 'யாண்டு' என்றது. சோழர் கல்வெட்டுகளில் மன்னர்களின் ஆட்சியாண்டு 'யாண்டு' என்றே பொறிக்கப்பட்டுள்ளது. அதே சொல்லுக்கு 'எவ்விடத்தில்' என்னும் பொருளும் உண்டு. ஈண்டு என்றால் இங்கே. ஆண்டு என்றால் அங்கே. யாண்டு என்றால் எங்கே? இவ்விரு பொருளுக்கும் வேர் ஒன்றா, வேறா என்பதை மொழிநூல் வல்லார் ஆராயட்டும். வகுப்பில் இச்சொல்லை விளக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஓர் ஆண்டு முடியும்போது, எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பதைவிட, நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்று கேட்பதே பொருத்தம்.

நாம் பின்பற்றும் ஹிஜ்ரி ஆண்டுக்கணக்கும் ஓர் இடப்பெயர்ச்சியிலிருந்தே தொடங்குகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பையோ, அவர்கள் பெற்ற வெற்றியையோ தொடக்கமாகக் கொள்ளாமல், கி.பி. 622-இல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு அவர்கள் புலம்பெயர்ந்து சென்றதைத் தொடக்கமாகக் கொண்டு, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் அக்கணக்கு வகுக்கப்பட்டது. பிறந்த ஊரை விட்டு வேற்றூர் சென்ற ஒரு பயணமே நம் முதலாம் ஆண்டு.

பிறையின் நடை

ஞாயிற்றைக் கொண்டு கணிக்கும் ஆண்டுக்கு நாட்கள் 365. பிறையைக் கொண்டு கணிக்கும் ஆண்டுக்கு 354 அல்லது 355. ஆகவே நம் பெருநாட்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழப் பதினொரு நாட்கள் முன்னதாகவே வந்துவிடுகின்றன. பொங்கல் என்றும் அறுவடையோடு வரும். நோன்போ எல்லாப் பருவங்களிலும் வரும். அது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர ஏறக்குறைய 33 ஆண்டுகள் ஆகும். அந்த 33 ஆண்டுகளுக்குள் ஹிஜ்ரிக் கணக்கில் 34 ஆண்டுகள் கழிந்திருக்கும்.

தமிழ் இலக்கணம் பெரும்பொழுதை ஆறாகப் பகுத்ததை மாணவர் அறிவர்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ரமளான் இவ்வாறு பொழுதுகளின் ஊடேயும் பின்னோக்கி நடந்து வருகிறது. பின்பனியிலிருந்து முன்பனிக்கும், முன்பனியிலிருந்து கூதிருக்கும் செல்லும் நடை அது. என் வாழ்வில் அந்நடை ஒரு முழுச் சுற்றை 2025-இல் நிறைவு செய்தது. அச்சுற்றில் என் குடும்பமும் நானும் எங்கெங்கே நின்றோம் என்பதை ஈண்டு எண்ணிப் பார்க்கிறேன்.

ஒரு சுற்று

1992 மார்ச், பின்பனி. எனக்கு வயது பன்னிரண்டு. மாதம் முழுவதும் நோன்பு நோற்றது அவ்வாண்டில்தான். காவிரியின் கடைமடையில், கடலுக்கு அருகே எங்கள் ஊர். ஊரில் பாதி வீடுகள் சபுராளி வீடுகள். என் வாப்பா பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பணியாற்றி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் வருவார். சஹர் நேரத்தில் தப்ஸ் அடித்துக்கொண்டு வரும் பக்கீரின் குரலுக்கு முன்பே உம்மா எழுந்துவிடுவார். வாப்பா தம் குரலைப் பதிந்து அனுப்பிய ஒலிநாடாவைப் பெருநாள் இரவில் டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்போம். அதில் எங்கள் மூவரின் பெயரையும் சொல்லி, பெருநாள் காசு எவ்வளவு தரவேண்டும் என்று உம்மாவுக்குக் கூறியிருப்பார். அன்று என் இடம், காசு பெறுவோர் வரிசை.

1997 முதல் 2000 வரை, முன்பனி. கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தேன். 2000-ஆம் ஆண்டு ஒரு விந்தை நிகழ்ந்தது. சனவரியில் ஒரு நோன்புப் பெருநாள். டிசம்பர் இறுதியில் மற்றொரு நோன்புப் பெருநாள். ஓர் ஆங்கில ஆண்டுக்குள் இரண்டு. அவ்வாண்டுதான் வாப்பா பயணத்தை முடித்துக்கொண்டு நிலையாக ஊர் திரும்பினார். பெருநாள், விடுமுறை, ஆண்டிறுதி, குடும்பம் என நான்கும் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒன்றாகச் சந்தித்தது அந்த ஒருமுறைதான். வாப்பா ஒலிநாடாவில் சொல்வதையெல்லாம் எங்களுக்கு நேரில் சொல்ல வெட்கப்பட்டார். எங்களுக்கும் வெட்கமாக இருந்தது. தந்தையும் மக்களும் ஒருவருக்கொருவர் பழகிக்கொள்ள ஓராண்டு ஆயிற்று.

2003 முதல் 2006 வரை, கூதிர். ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்று ஆசிரியப் பணியில் சேர்ந்தேன். 2004 நவம்பரில் பெருநாள் கொண்டாடினோம். அடுத்த மாதம் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. ஜமாஅத்தின் அண்டாக்களும் தேக்சாக்களும் பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்தன. அரையாண்டு விடுமுறையில் ஊரில் இருந்த இளைஞர்கள் அரிசி மூட்டை சுமந்தோம். வாப்பா மூன்று நாட்கள் அடுப்பை விட்டு அகலவில்லை. முப்பது ஆண்டுகள் விலைக்குச் சோறு போட்ட அந்தக் கைகள், கரையோரக் குப்பங்களிலிருந்து வந்த மீனவ மக்களுக்கு யார் எவர் என்று கேளாமல் சோறு போட்டதை அருகில் நின்று கண்டேன். வாப்பா யார் என்பதை நான் அறிந்துகொண்டது அப்பெருநாளில் அன்று, அந்த ஆண்டிறுதியில்தான்.

2008, கார். மணமான பின் வந்த முதல் பெருநாள்களில் ஒன்று. ராத்தாவின் பிள்ளைகள் என் முன் வரிசையில் நின்றார்கள். வங்கியிலிருந்து வாங்கி வந்த புதிய பத்து ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்தேன். வரிசையின் மறுபுறத்துக்கு நான் வந்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்தேன். வளர்ச்சி என்பது பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது. நாம் நின்ற இடத்தில் வேறொருவர் வந்து நிற்கும்போதே நாம் நகர்ந்திருப்பது நமக்குப் புலனாகிறது.

2013, முதுவேனில். நம் ஊர்களில் கோடைக்கும் பனிக்கும் இடையே பகலின் நீளம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வேறுபடும். நோன்பாளிக்கு வேறுபடுவது வெயிலே. அவ்வாண்டு நோன்புக்குச் சில வாரங்கள் முன்னர் வாப்பா இறையடி சேர்ந்தார். உம்மா இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட அக்காலத்துக்குள்ளேயே நோன்புப் பெருநாள் வந்தது. வீட்டில் புதுத்துணி இல்லை. ஆயினும் தெருப்பிள்ளைகள் வந்தபோது, வாப்பா வழக்கமாகக் காசு வைக்கும் பெட்டியை எடுத்து வரச் செய்து, உம்மா திரைக்குப் பின்னிருந்தபடியே ஒவ்வொருவருக்கும் கொடுத்தனுப்பினார். அவ்வாண்டின் இறுதியில் என் மகள் பிறந்தாள்.

2020, இளவேனில். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பள்ளிவாசல்களின் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. மே மாதப் பெருநாளன்று தொழுகையை வீட்டுக் கூடத்தில் நானே முன்னின்று நடத்தினேன். அருகில் பதினொரு வயது மகன். பின்வரிசையில் மனைவி, மகள், உம்மா. மகன் ஓதி, தாம் பின்னின்று தொழுவது உம்மாவுக்கு அதுவே முதல்முறை. தொழுகை முடிந்ததும் அவர் புகழ்ந்து ஒன்றும் கூறவில்லை. "வாப்பா மாதிரியே கடைசி எழுத்தை இழுக்கிறே" என்று மட்டும் சொன்னார்.

2025 மார்ச். மீண்டும் பின்பனி. 1992-இல் நோன்பு எங்கே இருந்ததோ, நான்கைந்து நாள் வேறுபாட்டில் அங்கேயே வந்து நின்றது. அன்று எனக்கிருந்த பன்னிரண்டாம் வயது இன்று என் மகளுக்கு. அவள் நோன்பு முழுவதையும் நோற்றாள். அன்று எங்களை எழுப்பிய உம்மாவுக்கோ நோன்பு கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். முதியோர்க்கும் தீரா நோயினர்க்கும் மார்க்கம் அளித்துள்ள சலுகைப்படி, ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு என்று அவர் ஈடு செய்தார். ஆயினும் சஹர் வேளையில் எழுவதை அவர் விடவில்லை. ஊன்றுகோலுடன் வந்து அமர்ந்து, பேத்தியின் தட்டில் சோறு குறையாமல் பார்த்துக்கொண்டார். வாரக் கடைசிகளில் ஊருக்குச் சென்ற எங்களுக்கு அக்காட்சி கிட்டியது. எஞ்சிய இரவுகளில் அவர் யாருக்காக எழுந்தார் என்பதை நான் கேட்கவில்லை.

எங்கே கூடுவீர்கள்?

அவ்வாண்டு நவம்பரில் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்பது இறைவனின் அருள். டிசம்பர் விடுமுறையில் வளைகுடாவிலிருந்து தம்பி வந்தார். சென்னையிலிருந்து ராத்தா வந்தார். நான் குடும்பத்துடன் சென்றேன். உம்மாவை இனித் தனியே விடலாகாது, மூவரில் ஒருவர் அழைத்துச் செல்வது, வீட்டைப் பூட்டிவிடுவது என்று பேசிக்கொண்டோம். மருத்துவமனை அருகில் இருப்பது, மின்தூக்கி உள்ள அடுக்ககம், கழிப்பறையின் வசதி என எல்லாவற்றையும் ஒப்பிட்டோம். அவ்வொப்பீட்டில் தவறு ஏதுமில்லை, ஒவ்வொன்றும் தேவையே.

உம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நான் உங்ககிட்ட வந்துட்டா, பெருநாளைக்கு நீங்க எல்லாரும் எங்கே கூடுவீங்க?"

எங்கள் மூவரிடத்தும் விடையில்லை. தம்பி ராத்தாவைப் பார்த்தார். ராத்தா என்னைப் பார்த்தார். தம் இருப்பிடத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருக்க, அவர் எங்கள் இருப்பிடத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எந்த நிகண்டும் இன்றி 'யாண்டு' என்னும் சொல்லின் இரு பொருளையும் எனக்கு ஒருங்கே விளக்கியவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர்தாம்.

அன்றிரவு நாங்கள் வேறொரு முடிவுக்கு வந்தோம். வீடு பூட்டப்படாது. குளியலறைக்கு வழுக்காத தரையும் கைப்பிடியும் தம்பியின் பொறுப்பு. பகலும் இரவும் உடனிருக்க உறவுப் பெண்மணி ஒருவர் இசைந்தார். அவருக்குரிய ஊதியத்தை மூவரும் பகிர்வோம். மாதத்தின் முதல் வாரம் ராத்தா வருவார். வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை என் முறை. இது நிறைவான ஏற்பாடு என்று கூற மாட்டேன். உம்மாவின் உடல்நிலை அனுமதிக்கும் வரையிலான ஏற்பாடே. ஆனால் இவ்வாண்டு முடிவில் எங்கள் குடும்பம் எங்கே இருக்கிறது என்று எவரேனும் கேட்டால், சுட்டிக் காட்ட ஓர் ஊரும் ஒரு முற்றமும் எங்களுக்கு இருக்கின்றன.

மாணவச் செல்வங்களுக்கு

அன்பு மாணவர்களே! தேர்வும் மதிப்பெண்ணும் வேலையும் உங்களை 'எத்தனை' என்னும் வினாவுக்கே பழக்கிவிடும். அவ்வினாவுக்கு விடை தேடுங்கள்; அதுவும் கடமையே. எங்கள் வாப்பாவைப் போல் உங்களுள் பலர் பயணம் போகக்கூடும், போவதும் பெருமைக்குரியதே. ஆனால் விடுமுறை வரும்போது, வரிசையில் இப்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பெறும் இடத்திலா, கொடுக்கும் இடத்திலா, முதியவர் ஒருவரின் கையைப் பற்றி நடத்திச் செல்லும் இடத்திலா? எந்த இடமாயினும் சரி, அந்த இடம் வெறுமையாக இராமல் அங்கே நின்றால், அதுவே வளர்ச்சி.

கணிதப்படி 2033-ஆம் ஆண்டில் சனவரி தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக மீண்டும் இரு நோன்புப் பெருநாட்கள் வரும். இன்று இருபது வயதினராக இருக்கும் நீங்கள் அன்று முப்பதை நெருங்கியிருப்பீர்கள். உங்களுள் சிலர் கடல் கடந்தும் இருப்பீர்கள். ஒரே ஆண்டில் இருமுறை ஊர் திரும்ப அது ஒரு வாய்ப்பு. அவ்விரு நாட்களிலும் உங்கள் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்பதை இறைவனே அறிவான். எங்கே கூடுவது என்பதையேனும் நாம் இன்றே முடிவு செய்து வைக்கலாம்.