டிக் டிக்கா, டொக் டொக்கா?

மாதம் 8,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகையில் சிறுகச் சிறுகச் சேமித்து, களப்பணிக்கென ஹைதராபாத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். மூன்றாம் நாளே எஞ்சினில் தட்டும் ஓசை எழுந்தது. மெக்கானிக்குக்குத் தெலுங்கு, எனக்கோ அரைகுறைத் தெலுங்கு. ஆயினும் அவருடைய முதற்கேள்வி முழுமையாக விளங்கிற்று: "டிக் டிக்கா, டொக் டொக்கா?" ஒலிக்குறிப்புச் சொற்கள் மொழிக்குடும்ப எல்லை கடந்த இந்தியப் பொதுக்கூறு என்று எமனோ 1969இல் எழுதியதைத் தேர்வுக்காகப் படித்திருந்தேன். அன்றுதான் அதனைக் காதால் கேட்டேன்.

எஞ்சினின் மேற்பகுதியில் மெலிதாக டிக் டிக் என்றால் பெரும்பாலும் டாப்பெட் இடைவெளி கூடியிருக்கும்; சரிசெய்தால் தீரும். அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்றால் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கலாம். எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

நான் "டிக் டிக்" என்றேன். என் காது கேட்டது வேறு. செலவுக்கு அஞ்சிய வாய் மாற்றிச் சொல்லிற்று. அவர் ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மீது ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டார். "டொக் டொக்" என்றார்.

இரண்டு மாத உதவித்தொகை அதிலேயே கரைந்தது. களத்தில் தகவலாளர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டு திரும்பும் வழக்கத்தை அன்றோடு விட்டேன்.