வாசற் கண்ணாடி

வாசலுக்குக் கோலம் அழகு. நிலைப்படிக்கு மாவிலை அழகு. இவ்விரண்டுக்கும் நமது இல்லத்தில் என்றுமே குறைவில்லை. ஆனால் நிலைப்படியைத் தாண்டினால் ரேழி! பழைய காலத்து ரேழி. பட்டப் பகலிலும் இருட்டு. குடை மாட்டும் ஆணியில் தலையை முட்டிக் கொள்ளாமல் கூடத்துக்கு வந்து சேர்ந்த விருந்தாளிகள் மிகச் சிலரே.

"இங்கே ஒரு கண்ணாடி மாட்டினால் என்ன? வெளிச்சமும் ஆச்சு, அலங்காரமும் ஆச்சு" என்றாள் நமது சகதர்மிணி.

ஆளுயரக் கண்ணாடி வேண்டும் என்பது அவளுடைய கட்சி. இருபது வருஷமாகப் பையன்களுக்குப் பௌதிகம் போதித்து வருகிற நாம் அதற்குச் சம்மதிப்போமா? ஒருவர் தம்மை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்துக் கொள்ள, அவரது உயரத்தில் பாதி உயரமுள்ள கண்ணாடியே போதும். ஐந்தரை அடி மனிதருக்கு இரண்டே முக்கால் அடி. கிட்ட நின்றாலும் எட்ட நின்றாலும் கணக்கு மாறாது. மேல் விளிம்பு மட்டும் கண்ணுக்கும் உச்சிக்கும் நடுவே இருக்க வேண்டும்.

"வீட்டில் எல்லோரும் ஒரே உயரமா?" என்று அவள் கேட்டாள். சாஸ்திரம் சற்றுத் தடுமாறிற்று. மூன்றரை அடி என்று சமாதானம் ஏற்பட்டது.

முற்றத்து வெளிச்சம் வந்து விழும் பக்கச் சுவராகப் பார்த்து மாட்டினோம். சுவரில் ஈரம் ஏறினால் கண்ணாடியின் ஓரம் கறுத்துவிடும். ஆகையால் நான்கு மூலையிலும் தக்கை வைத்துப் பின்னால் காற்றோட விட்டோம். கறுத்த கண்ணாடியை "ரசம் போய்விட்டது" என்கிறோம். உண்மையில் ரசம் போய் வெகு காலம் ஆகிவிட்டது. முன்னாளில் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்துப் பூசினார்கள். அந்த வேலை செய்தவர்கள் பாதரச ஆவியினால் நோயுற்றார்கள். 1835-ல் லீபிக் என்ற ஜெர்மன் ரசாயன அறிஞர் கண்ணாடியின்மேல் வெள்ளியைப் படிய வைக்கும் முறையைக் கண்டறிந்தார். நாளடைவில் பாதரசம் விலகிக் கொண்டது; பேச்சில் மட்டும் ரசம் இன்னும் போகவில்லை.

ரேழி பிரகாசித்தது. வந்த பெண்கள் பொட்டைச் சரி செய்து கொண்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் பாராதது போல் பார்த்துக் கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஊரில் செல்வாக்குள்ள கனவான் ஒருவரை வாய் நிறையச் சிரித்து வழியனுப்பிவிட்டுத் திரும்பினோம். வாசலில் மறுபடியும் குரல் கேட்டது. நமது மாணவன் ஒருவனுடைய தகப்பனார். கட்டட வேலை செய்கிறவர். பையனை விடுதியில் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தர வேண்டுமாம்.

"ஞாயிற்றுக்கிழமை கூடவா? நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்" என்றோம்.

"நாளைக்கு வந்தா ஒரு நாள் கூலி போயிடுமுங்க, ஐயா" என்றார் அவர் தணிந்த குரலில்.

பதில் சொல்ல வாயெடுத்தவர்கள் தற்செயலாகப் பக்கத்தில் திரும்பினோம். புருவத்தை நெரித்துக் கொண்டு, உதட்டைச் சுழித்தபடி, யாரோ ஒரு கடுகடுத்த மனிதர் அங்கே நின்றார். இவர் எப்போது உள்ளே வந்தார் என்று ஒரு கணம் திகைத்தோம். பிறகுதான் ஆசாமி யாரென்று தெரிந்தது.

"உள்ளே வாருங்கள்" என்றோம். அவர் தயங்கித் தயங்கி வந்தார். கண்ணாடியைக் கண்டதும் நின்று, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக் கொண்டார். திருத்த வேண்டிய முகம் அவருடையதன்று. விண்ணப்பம் எழுதி முடிக்கக் கால் மணி நேரம் கூட ஆகவில்லை.

1927-ல் ஸ்ரீ நாராயண குரு, கேரளத்தில் சேர்த்தலைக்கு அருகிலுள்ள களவங்கோட்டுக் கோயிலில் விக்கிரகத்துக்குப் பதிலாக ஒரு கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அதன் பொருள் பற்றிப் பெரியவர்கள் பலவாறு சொல்லுவார்கள். நமக்கு அன்று ரேழியில் சிறிது விளங்கிற்று.

இப்போதெல்லாம் வாசலில் யார் கூப்பிட்டாலும், கதவண்டை போகுமுன் ஒரு முறை கண்ணாடியைப் பார்த்துக் கொள்கிறோம். அப்பா தலைமயிரைச் சரி செய்து கொள்கிறார் என்பது குழந்தைகளின் எண்ணம். சரி செய்வதற்கு அங்கே அதிகம் இல்லை என்பதை அவர்கள் இன்னும் கவனிக்கவில்லை.