பழைய கைத்தொலைபேசியைக் கொடுக்கும் முன்

போரில் இடம்பெயர்ந்தபோது எம்மில் பலர் புகைப்படங்களையும் விட்டுவிட்டே வந்தோம். எஞ்சிய ஓரிரு படங்கள் இன்று பலரது கைத்தொலைபேசிக்குள்தான் இருக்கின்றன. ஆகவே பழைய தொலைபேசியைக் கடையில் கொடுப்பது பழைய இரும்பு விற்பதைப் போன்றதல்ல.

கொடுத்த தொலைபேசிக்கு என்ன நடக்கிறது? எங்கள் சந்தியிலுள்ள திருத்தும் கடையில் இதனைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்வதைத் துடைத்து, வெளிக்கூட்டை மாற்றி, பாவித்த போன் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பார்கள். வேலை செய்யாததைக் கழற்றி, திரை, கமரா, ஸ்பீக்கர் எனப் பிரித்து மற்றவற்றைத் திருத்தப் பாவிப்பார்கள். மிஞ்சும் பலகையில் செம்பும் வெள்ளியும் சிறிதளவு பொன்னும் உண்டு. அதை நிறுத்து வாங்கிச் செல்பவர்களும் இருக்கிறார்கள். உத்தரவாதக் காலத்தில் பழுதென்று திருப்பிக் கொடுத்தால் அது சேவை நிலையத்துக்குப் போகும். அங்கே உட்பலகையை மாற்றினால் எமது படங்களும் அதனுடன் போய்விடும்.

எனது அயலில் வசிக்கும் அக்கா ஒருவரின் மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அவனுடைய ஒரேயொரு படம் மழையில் ஊறிப் பழுதாகத் தொடங்கியதும், அதைத் தொலைபேசியில் படம்பிடித்து வைத்திருந்தார். புதியது வாங்கப் போன கடையில், “பழையதைத் தாங்கோ அம்மா, விலையில கழிச்சு விடுறம்” என்றார்கள். “பிள்ளையின்ர படத்தை எடுக்காமல் தரமாட்டன் தம்பி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் இருவருமாகப் போய்ப் படத்தைக் கடதாசியில் அச்சிட்டோம், மெமரி கார்டிலும் பிரதி எடுத்தோம். அதன் பின்னரே பழையதைக் கொடுத்தார். கடைக்காரர் கழித்தது 1,500 ரூபா.

வைத்திருக்க வேண்டியதை எடுப்பது ஒன்று. பிறர் பார்க்கக் கூடாததை நீக்குவது இன்னொன்று. ஒரு படத்தை அழித்தவுடன் அது இல்லாமற் போவதில்லை. அந்த இடத்தில் வேறொன்று பதியும் வரை அதை மீட்டெடுக்க வழியுண்டு. ஆகவே சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கூகிள் கணக்கை நீக்கிய பின், உங்கள் கண்முன்னே ‘பக்டரி ரீசெற்’ செய்யச் சொல்லுங்கள். அண்மைக்காலத் தொலைபேசிகளில் இது பெரும்பாலும் போதும். மிகப் பழையதென்றால், படங்கள் இருந்த தொலைபேசியை விற்காமல் வைத்திருப்பதே நல்லது.

*#06# என அழுத்தினால் 15 இலக்க எண்ணொன்று தோன்றும். அந்த எண்ணையும் திகதியையும் எழுதிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நாளை அத்தொலைபேசி வேறு கைக்குப் போய் விசாரணை வந்தால், அதைக் கொடுத்துவிட்டீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

பழுதான பற்றரியை முற்றத்துக் குப்பையுடன் எரிக்க வேண்டாம். அது வெடிக்கும், நச்சுப் புகையும் வரும். வீங்கிய பற்றரியைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள்.

தனித்து வாழும் பெண்களை, பழைய தொலைபேசியிலிருந்து எடுத்த படத்தைக் காட்டி எவராவது மிரட்டினால், வெட்கப்பட வேண்டியவர் மிரட்டுபவரே. மறைக்காமல் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு உங்கள் பழைய தொலைபேசியையும் கொண்டு வாருங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் போதும்.